கோச் சொன்னதும் நான் சொன்னதும்

டேப்பின் நுனியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கண்ணே என்றான் ரீகன், பிடித்துக்கொண்டேன், ஓடுகிற பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரன் விரலை நீட்டினால் வேறென்ன செய்ய முடியும். வலது கைச் சுட்டுவிரல். நகத்துக்குக் கீழே ஒரு சுற்று, மூட்டை விட்டுவிட்டு அடுத்த சுற்று, பிறகு உருளையை என் பக்கம் காட்டி, கிழிங்க. கிழித்தேன். கட்டைவிரல்களுக்குக் கிடையாது, ஆக எட்டு விரல், எட்டில் மூன்று முடிந்துவிட்டன. மணி நான்கு பத்து. பீளமேட்டு ஓட்டலை விட்டுக் கிளம்பிச் சில நிமிடம்கூட ஆகவில்லை, அவினாசி ரோட்டில் வண்டிகள் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறாத குறை, அரங்கத்துக்குப் போக முக்கால் மணி ஆகும் என்று டிரைவர் சொல்லிவிட்டார். ஆறு மணிக்கு அரையிறுதி. ஐந்து மணிக்கு, நாங்கள் அரங்கத்தில் இறங்கியதும், என் செய்தி வெளியாகும். பதினோரு வருஷமாக இந்த வாலிபால் அணிக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிற செட்டர், கேப்டன் ரீகன் இன்று ஆடவில்லை, இனி இந்த அணிக்கு ஆடப்போவதும் இல்லை என்கிற செய்தி. கோச்சுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், சென்னையில் எங்கள் ஆங்கிலப் பத்திரிகையின் டெஸ்க்கில் மூன்று பேருக்குத் தெரியும். ரீகனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும் என்று கோச் நினைத்துக்கொண்டு முதல் வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். அப்படி நினைக்க வைத்தவன் நான். நாலாவது விரல் நீள்கிறது. பிடிங்கண்ணே. பிடித்தேன்.

காலை ஏழரைக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்காகத்தான் உட்கார வைத்தார்கள், சாப்பாட்டுக் கூடத்தின் கடைசி மேசையில், கோச் ஸ்தோயன் ஒரு பக்கம், ரீகன் ஒரு பக்கம், நடுவில் நானும் ஆறிப்போன ஒரு பொங்கலும். ஸ்தோயனுக்கு ஒரு வழக்கம் உண்டு, பல்கேரியாவில் அவருடைய கோச் அவருக்குச் செய்தது. ஆடுகிற ஆறு பேர் யாரென்று உடைமாற்றும் அறையில், ஆட்டத்துக்கு முக்கால் மணி முன்னால்தான் சொல்வார். ஆனால் எடுக்கப்படுகிறவனுக்கு மட்டும் அன்று காலையிலேயே, தனியாக, முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். பத்துப் பேர் முன்னால் தன் பெயர் வராததைக் கொண்டு ஒருவன் அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. நல்ல வழக்கம். என்ன, முகத்துக்கு நேரே சொல்ல அவரிடம் தமிழ் இல்லை, கேட்டுக்கொள்ள ரீகனிடம் ஆங்கிலம் இல்லை, அதனால் எல்லாம் என் வாய் வழியாகப் போக வேண்டியிருக்கிறது. மொழிபெயர்த்துக்கொண்டிருந்த உதவி கோச் வேறு அணியில் வேலை கிடைத்து மூன்று வாரம் முன்பு போய்விட்டார். அன்று பேட்டிக்காக வாசலில் நின்ற என்னைப் பார்த்து, நீ இரண்டு பாஷைக்காரன், வா உள்ளே என்றார் ஸ்தோயன். போனேன். சம்பளம் பேசவில்லை, இந்த பஸ்ஸில் நாலாவது வரிசையில் ஓர் இடம், அவ்வளவுதான். எந்த விளையாட்டு நிருபருக்கும் கிடைக்காத இடம். ரீகன்கூட ஒரு நாள் சொன்னான், "நீங்களும் செட்டர்தாம்ணே. அவர்ட்டருந்து பந்து எப்படி வந்தாலும் எங்களுக்கு அடிக்க வாக்கா தூக்கிக் குடுக்கிய." சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. இன்று காலை ஸ்தோயன் சொல்லுக்குச் சொல் ஒட்டும் உறவும் இல்லாத தன் ஆங்கிலத்தில், ஒவ்வொரு வாக்கியமாக மேசைமேல் வைத்தார். நீ இன்று ஆடவில்லை. அடுத்த வருஷமும் உன்னைக் கேட்கமாட்டேன். உன் கை மெதுவாகிவிட்டது, உனக்கே தெரியும். உன் இடத்தில் சுஹைல் ஆடுவான். இதை நானே சொல்கிறேன், ஏனென்றால் உன்மேல் மரியாதை. ஐந்து வாக்கியம். ரீகன் அவரைப் பார்க்கவில்லை. யாருமே அவர் பேசும்போது அவரைப் பார்ப்பதில்லை, என் வாயைத்தான் பார்க்கிறார்கள். என் வாயிலிருந்து என்ன வந்தது? "இன்னிக்கு ஆரம்பத்துலயே உன்னை இறக்கமாட்டாராம், ரீகன். சுஹைலை வச்சு ஆரம்பிச்சுட்டு, நிலைமையைப் பார்த்துப்பாராம். உன்மேல ரொம்ப மரியாதைங்கிறார்." மரியாதையை மட்டும் முழுசாகக் கொண்டுவந்து சேர்த்தேன். ரீகனின் முகம் ஒரு கணம் சுருங்கி, விரிந்து, "அதுக்கென்ன, ரெண்டாவது செட்ல எறங்கிட்டாப் போச்சு" என்று எழுந்து கோச்சின் கையைப் பிடித்துக் குலுக்கினான். சிரித்தபடி. ஸ்தோயன் அந்தக் கையை விடவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது, ஐம்பத்தெட்டு வயது மனுஷன். அவன் போன பிறகு கேட்டார், "முழுவதும் சொன்னாயா?" முழுவதும் என்றேன்.

ஹோப்ஸ் சிக்னல் தாண்டியாயிற்று. மேம்பாலத்தின் தூண்கள் ஒவ்வொன்றாக வந்து போகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், இருநூற்றுப் பதினேழு, இருநூற்றுப் பதினாறு, எண்ணிக்கொண்டே வந்தால் எங்கேயாவது ஒரு எண்ணில் வாயைத் திறந்துவிடலாம். இருநூற்றுப் பத்தில் சொல்கிறேன். இருநூற்றுப் பத்து போய்விட்டது, விளம்பரத் தட்டியொன்று மறைத்துவிட்டது என்று எனக்கு நானே சாக்கு. இங்கிலாந்தில், ஷெஃபீல்டில் பதினேழு வருஷம் கால்பந்து எழுதினேன், பதினேழு வருஷத்தில் ஒரு ஆட்டக்காரனின் வெறுங்காலைப் பார்த்ததில்லை. ஊடக அறை, ஆறின தேநீர், முக்கோணமாக வெட்டிய ரொட்டி, மூன்று கேள்விக்குமேல் கேட்டால் ஒரு பெண் சிரித்தபடி வந்து அடுத்தவரைக் காட்டுவாள். எல்லாருக்கும் ஒரே பதில், எல்லாரும் ஒரே செய்தியை வேறு வேறு மாதிரி எழுதுவோம். கண்ணாடிக்கு வெளியே நின்று மீனைப் பற்றிப் பதினேழு வருஷம். பிறகு அந்தப் பத்திரிகையும் இளைத்தது, நானும் திரும்பிவிட்டேன். இங்கே வந்த மூன்றாவது மாதம் ஓர் ஆட்டக்காரன் காலைத் தூக்கி என் மடியில் வைத்து, இந்தக் கொப்புளத்தைப் பாருங்கண்ணே, இதோட எப்படிக் குதிக்க, என்றான். அன்றைக்கு அறையில் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில். இதுக்குத்தானே இத்தனை வருஷம். உள்ளே இருக்கிறவனுக்குத்தான் தெரியும், யார் யாரோடு பேசுவதில்லை, யார் ஊசி போட்டுக்கொண்டு ஆடுகிறான், தோற்ற பிறகு பஸ்ஸில் முதலில் யார் வாயைத் திறப்பது, இதெல்லாம் வாசலில் நிற்கிறவனுக்கு எங்கே கிடைக்கும். வாசலில் நிற்கிறவர் வெள்ளியங்கிரி, இருபத்தைந்து வருஷமாக உள்ளூர்த் தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதுகிறார், வெயிலோ மழையோ ஓட்டல் கேட்டுக்குப் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார். நேற்று பஸ்ஸில் ஏறும்போது கேட்டார், "ஏனுங்ணா, உள்ள ஏசி குளுகுளுன்னு இருக்குதுங்களா? எங்களுக்கு வெளிய வெயிலுதானுங்க. பாத்துங்ணா, ரொம்பக் குளுந்தாச் சளி புடிச்சுக்கும்." சிரித்துவிட்டு ஏறினேன். என்ன ஒரு சிரிப்பு அது, சன்னமாக, படியில் நிற்கிறவன் தரையில் நிற்கிறவனைப் பார்த்துச் சிரிப்பது.

"அண்ணே, ஏசி காத்து நேரா மூஞ்சில அடிக்கா? திருப்பி விடட்டா?" என்று ரீகன் கேட்டான். வேண்டாம் என்றேன். முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். சொல், இப்போது சொல், "ரீகன்," என்றேன். "என்னண்ணே?" ஒன்றுமில்லை, டேப் இறுக்கமா இருக்கான்னு கேட்டேன். "இறுக்கமாத்தாம்ணே இருக்கணும். பந்து வந்து விரல்ல உக்காருதது தெரியணும்லா." ஆறாவது விரல், இடது கை. அவன் போன் அடிக்கிறது, தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசுகிறான். "எங்க வாரிய? … பல்லடமா? இப்பத்தான் பல்லடமா? … டிரைவருட்ட சொல்லு, டீ குடிக்க நிப்பாட்டாதன்னு. ஆறு மணிக்கு ஆரம்பிச்சிரும்லா." பெரியதாழையிலிருந்து வேன், பதினாலு பேர், அவன் மனைவி ஜெனோவா, அப்பா, மச்சினன்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், அவன் ஊர்க் கடற்கரையில் வலை கட்டி ஆடிய காலத்துக் கூட்டாளிகள். இத்தனை வருஷத்தில் அவன் ஆடி அந்த ஊர் நேரில் பார்த்ததில்லையாம், டிவியில்தான். இன்று காலை எட்டு மணிக்குத்தான் வண்டியை எடுத்தார்கள். எட்டு மணிக்கு. நான் ஏழே முக்காலுக்கு மேசையை விட்டு எழுந்தேன். கால் மணி நேரம் இருந்திருக்கிறது, ஒரு போன் போட்டு வராதீங்க என்று சொல்ல, அவனுக்கு முழுக் கால் மணி நேரம். பதினோரு மணிக்குக்கூட மதுரைப் பக்கம் எங்கேயாவது இருந்திருப்பார்கள். நானும் பதினோரு மணிக்கு ஓட்டல் அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். "அப்பா போன்ல கத்துதாவ," என்று ரீகன் போனை இறக்கிவிட்டுச் சிரித்தான், "பேனர் அடிச்சிருக்காவளாம். பேனர்ல என் பேர தப்பா அடிச்சு, மேல வெள்ளப் பெயின்ட வச்சுத் திருத்தி, அதுக்கு ஒரு சண்டையாம். எங்க ஊர்க்காரனுவ கல்யாணத்துக்குப் போனாலும் சண்டை, கருமாதிக்குப் போனாலும் சண்டை."

ஏன் சொல்லவில்லை? இரக்கம் என்று காலையில் நினைத்தேன். முப்பத்து நாலு வயதுக்காரனிடம், கையில் இட்லியோடு உட்கார்ந்திருப்பவனிடம், உன் கை போயிற்று என்று எப்படிச் சொல்வது, அதுவும் தமிழில், அது ஆங்கிலத்தில் ஒரு தகவல், தமிழில் சொன்னால் சாபம் மாதிரி இருக்கும். இப்படி ஒரு சமாதானம். சரி, அது இரக்கம்தான் என்றால் பத்து மணிக்கு அறையைத் தட்டிச் சொல்லியிருக்கலாமே. கோழைத்தனம் என்று மத்தியானம் ஒத்துக்கொண்டேன். கோழைத்தனம் என்று ஒத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது, அதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. முடியவில்லை. இந்த லட்சுமி மில்ஸ் சிக்னலில், எழுபத்தெட்டு விநாடி சிவப்பு ஓடிக்கொண்டிருக்கையில், எழுபத்தேழு, எழுபத்தாறு, அதற்கு அடியில் இன்னொன்று கிடக்கிறது, அதைத் தொடாமல் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறேன், நாக்கு சொத்தைப் பல்லைச் சுற்றுகிற மாதிரி. காலையில் ரீகனுக்கு முழுசாகத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கத்தியிருப்பான். மனைவிக்குப் போன் போட்டிருப்பான், சீனியர்கள் இரண்டு பேரிடம் சொல்லியிருப்பான், ஓட்டல் வாசலுக்கு இறங்கி வந்திருப்பான், வாசலில் யார் நிற்கிறது? வெள்ளியங்கிரி. ஒன்பது மணிக்கு அந்தச் செய்தி ஊர் முழுக்க. அப்புறம் எனக்கு எதற்கு நாலாவது வரிசை. ஆக, நான் அவனிடமிருந்து கெட்ட செய்தியை மறைக்கவில்லை, என் செய்தியை அவனிடமிருந்து மறைத்தேன். ஐந்து மணி வரைக்கும் அது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று. மேசையில் உட்கார்ந்திருந்த அந்த நிமிடமே அப்படிக் கணக்குப் போட்டேனா? இல்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை. பொய்யைச் சொல்லிவிட்டு எழுந்து நடந்தபோது என் கால்கள் லிஃப்டை நோக்கி வேகமாகத்தான் போயின. அறைக்குப் போய் எழுதினேன். எழுதினதில் மூன்றாவது பத்தி இது: செய்தியைக் கேட்ட ரீகன் எழுந்து கோச்சின் கையைக் குலுக்கினார், சிரித்தபடி நடந்து போனார், பதினோரு வருஷத்தை ஒரு மனிதன் இதைவிட அழகாக இறக்கிவைக்க முடியாது. டெஸ்க்கிலிருந்து அருணிமா உடனே அனுப்பினாள், கிருபா, அந்தக் கைகுலுக்கல்! வேறு யாராலும் எழுத முடியாது, உள்ளே இருந்தால்தான் வரும். உள்ளே இருந்தால்தான். உண்மைதான், கண்ணால் பார்த்தது, ஒரு வார்த்தைகூடக் கற்பனை இல்லை. ஷெஃபீல்டில் கண்ணாடிக்கு வெளியே நின்று பதினேழு வருஷம் எழுதினதில் இப்படி ஒரு பொய் எழுதியதில்லை.

பச்சை விழுந்தும் பஸ் நகரவில்லை, எதிரே ஒரு டவுன் பஸ் குறுக்கே கிடக்கிறது. போனை மறைவாகப் பிடித்துக்கொண்டு அருணிமாவுக்கு மெசேஜ் அடித்தேன், அதை நிறுத்தி வை, நான் சொல்லும் வரை போடாதே. மூன்று புள்ளி ஆடியது, நின்றது, ஆடியது. பதில் வந்தது. நிறுத்த முடியாது, மற்ற பத்திரிகைக்காரர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள், சுஹைல் ஆடுகிறான் என்று ஒருத்தர் போட்டுவிட்டார், நாம் இப்போதே போடுகிறோம். ஐந்து நிமிடம். மணி நான்கு முப்பத்தொன்று. ஏழாவது விரல். கிழிங்கண்ணே. கிழிக்க வரவில்லை, நகம் வழுக்குகிறது, டேப் கோணலாகப் பிய்ந்து நூல் நூலாகத் தொங்குகிறது, ரீகன் சிரிக்கிறான், "என்னண்ணே, நீங்க ஆடப் போற மாதிரி பதறுதிய." இப்போது. இனி தூணும் இல்லை, எண்ணும் இல்லை.

"ரீகன், நீ இன்னிக்கு ஆடல." "அதான் சொன்னியள்ல, மொத செட்டு." "மொத செட்டு மட்டுமில்ல. ஆடவே இல்ல. அடுத்த வருஷமும் இல்ல. காலைல அவர் அதான் சொன்னார். நான்தான் சொல்லல." அவன் டேப் உருளையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி உருளையைப் பார்த்தான். பின் வரிசையில் யாரோ ஓர் ஆட்டத்தின் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள், கைதட்டல், தகரத்தில் மழை விழுகிற மாதிரி. "அவர் சொன்னதச் சொல்லுங்க," என்றான், குரலைத் தாழ்த்தி. "நீங்க சொல்லுத மாதிரி இல்ல. அவர் சொன்ன மாதிரி." சொன்னேன். ஐந்து வாக்கியம். உன் கை மெதுவாகிவிட்டது, உனக்கே தெரியும் என்பதையும் சொன்னேன். தமிழில் அது சாபமாக ஒலிக்கவில்லை. ஒரு தகவலாகத்தான் ஒலித்தது, அவனுக்கே தெரிந்த தகவல். ஆகவே அந்தச் சமாதானமும் பொய். "செய்தி எழுதிட்டேன்," என்றேன், "இப்ப வந்துரும். அஞ்சு நிமிஷத்துல." "அப்ப, எனக்குச் சொல்லாம எல்லாருக்கும் சொல்லியிருக்கிய." ஆமாம். "காலைல அவரு 'நோ ப்ளே'ன்னாரு," ரீகன் சொன்னான், "அது காதுல விழுந்துச்சு. 'ப்ளே', 'நோ' அதுகூடயா எனக்குத் தெரியாது? ஆனா நீங்க வேற சொன்னிய. சரி, இங்கிலீஸ்ல அதுக்கு வேற அர்த்தம் இருக்கும் போலன்னு நெனச்சேன். நான் என் காத நம்பல. உங்கள நம்புனேன்."

கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்குத் தேவலை. அவன் எழுந்து, "வாங்க" என்றான், நான் எழுந்து வழிவிட, நடைபாதையில் இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் நடந்தான், நான் பின்னால். பையன்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், ஒருவன், "என்ன கேப்டன், டிரைவர மாத்தப் போறியளா? மாத்துங்க, புண்ணியமாப் போகும்" என்றான், யாரோ சிரித்தார்கள். ஸ்தோயன் கண்ணைத் திறந்தார். ரீகன் சொன்னான், "அவர்ட்டச் சொல்லுங்க. காலைல எனக்குத் தெரியாது. நான் சிரிச்சதும் கை குடுத்ததும் தெரியாம செஞ்சது. தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேன்." அப்படியே சொன்னேன். ஒன்றையும் குறைக்காமல், ஒன்றையும் கூட்டாமல், மூன்று வாரத்தில் நான் கோச்சுக்குச் செய்த முதல் நேரான மொழிபெயர்ப்பு என்னைப் பற்றியதாக இருந்தது. ஸ்தோயன் நான் பேசி முடிக்கும் வரை என்னைப் பார்த்தார், முடிந்ததும் பார்வையை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. கோபமாகக்கூட இல்லை. கதவைச் சாத்திவிட்டுப் பூட்டிவிட்டோமா என்று ஒரு தடவை இழுத்துப் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை, அவ்வளவுதான். இருக்கையின் கம்பியைப் பிடித்து எழுந்து ரீகனுக்கு எதிரே நின்றார், பஸ் குலுங்கியது, இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பயிற்சியில் தினமும் கேட்டுக் கேட்டு அவர் பொறுக்கியெடுத்த தமிழ் ஏழெட்டு வார்த்தை இருக்கும். அவற்றில் ஒன்றை எடுத்தார். "ரீகன்," என்றார். தன் விரல்களை மடக்கி நீட்டி மெதுவாக அசைத்துக் காட்டினார், அவை மெதுவாக அசைவதை இரண்டு பேரும் பார்த்தார்கள். "போதும்." பிறகு உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்தார். ரீகன் தலையை ஆட்டினான். புரிந்தது என்று ஒரு தரம், மறுபடி இன்னொரு தரம். நடுவில் நின்றுகொண்டிருந்த எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. காலையில்கூட இருந்திருக்காது.

திரும்பி வந்து உட்கார்ந்தோம், அதே இருக்கை, வேறு இடம் காலியில்லை, அவன் தோளும் என் தோளும் வளைவுக்கு வளைவு இடித்துக்கொண்டன. யாராவது எழுப்பி விடுவார்கள், இறங்கு என்பார்கள் என்று பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. பின்னால் போன்கள் ஒவ்வொன்றாக மினுங்கத் தொடங்கின, செய்தி வந்துவிட்டது, பஸ்ஸுக்குள் பேச்சு ஓர் இருக்கையிலிருந்து அடுத்த இருக்கைக்கு அணைந்துகொண்டே வந்தது. சுஹைல் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி, ரீகனைப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டான். ரீகனின் போன் அடித்தது. எடுத்தான். "ம்… சூலூரா… வாங்க. … இல்ல, ஒண்ணுமில்ல. மெதுவா வாங்க. டீ குடிக்கணும்னா நிப்பாட்டிக் குடிங்க. அவசரமில்ல." வைத்தான். அடுத்த பக்கம் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தபடி, "அதுல என்ன எழுதியிருக்கிய?" என்றான். வாசித்தேன், ஒவ்வொரு வரியாகத் தமிழில். முதல் பத்தி. இரண்டாவது. மூன்றாவது பத்தி வந்ததும் நிறுத்தினேன், வாசிங்க என்றான், வாசித்தேன். இதைவிட அழகாக இறக்கிவைக்க முடியாது. அவன் ஏழாவது விரலில் தொங்கிய டேப்பைப் பிய்த்து எடுத்தான். "கை மெதுவாயிட்டுன்னு இருக்கட்டும்," என்றான் பிறகு. "அது உள்ளதுதான். இன்னும் சேத்துக்கங்க வேணும்னா. இந்தச் சிரிச்சத எடுத்துருங்க. எங்க அப்பா நாளைக்கு இத யாரையாவது வச்சு வாசிச்சுக் கேப்பாவ. ஏல, அதுக்கும் சிரிச்சியோல, பல்ல இளிச்சியோல, இதத் தெரிஞ்சுக்கிட்டேயா எங்களப் பதினாலு பேரயும் வரச் சொன்னன்னு கேப்பாவ. நான் என்ன சொல்ல?"

அருணிமாவைக் கூப்பிட்டேன். தாழ்ந்த குரலில் பேசலாம் என்று தோன்றியது, பேசவில்லை. "மூணாவது பத்தியை எடு." "எதை, கைகுலுக்கலையா? கிருபா, அதைத்தான் எல்லாரும் பகிர்றாங்க, அதான் கதையே. ஏன், நடக்கலையா?" நடந்தது என்றேன். "நடந்துச்சுன்னா அப்புறம் என்ன?" என்ன என்று சொல்ல ஒரு வாக்கியம் தேடினேன், எங்கள் தொழிலில் இதற்கெல்லாம் வாக்கியங்கள் உண்டு, சூழ்நிலை குறித்துப் பின்னர் கிடைத்த தகவலின்படி, அணியில் ஏற்பட்ட தகவல் தொடர்புக் குறைவு காரணமாக, எல்லாமே வரிசையாக வந்து நின்றன, நன்றாகச் சலவை செய்து மடித்த வாக்கியங்கள், ஒன்றிலும் ஆள் இல்லை. பஸ் அரங்கத்துத் தெருவில் திரும்பியது, கேட்டுக்கு வெளியே கூட்டம், மேளச் சத்தம். "அவருக்குத் தெரியாது, அருணிமா. கோச் சொன்னதை மொழிபெயர்த்தது நான். நான் மாத்திச் சொன்னேன். அதனாலதான் சிரிச்சார்." அவள் மெதுவாக, "ஏன் மாத்திச் சொன்னீங்க?" ரீகன் ஜன்னலிலிருந்து திரும்பினான். இதை அவன் கேட்கவே இல்லை, இவ்வளவு நேரத்தில் என்னிடம் கேட்காத ஒரே கேள்வி. "அஞ்சு மணி வரைக்கும் செய்தி வெளிய போகக் கூடாதுன்னு," என்றேன். "இதைத் திருத்தம்னு போட்டா உங்க பேர்ல போடணும்," என்றாள் அருணிமா, "நாளைலேருந்து எந்த டீம் பஸ்லயும் ஏத்தமாட்டாங்க. யோசிச்சுச் சொல்லுங்க." கதவு மூச்சு விட்டுத் திறந்தது, முன்னால் இருந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கினார்கள், மேளம் பஸ்ஸுக்குள் வந்தது. ரீகன் எழவில்லை. நான் நடைபாதைப் பக்கம், நான் எழுந்தால்தான் அவன் வெளியே போக முடியும், ஆனால் அவன் என்னைத் தள்ளவுமில்லை, வழி கேட்கவுமில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "என் பேர்லயே போடு, எழுதிக்கோ," என்றேன் அருணிமாவிடம், "நான் சொல்றேன், அப்படியே எழுது," என்று முதல் வாக்கியத்தைத் தமிழில் சொன்னேன், அவனுக்கும் கேட்கிற மாதிரி.